கஸ்தூரியார் வீதிச் சின்னக் கடையும் எங்கடை இந்திய விசாவும்

முதலே சொல்லிப்போடுறன், எங்கடை இந்திய விசா ஃபோமுகளை நிரப்பித் தந்த கடையின்ரை பேரை நான் போடேல்லை. அதிலை இருக்கிற பிள்ளைதான் "அக்கா பேரை ஒண்டும் போடாதேங்கோ, நான் தனி ஆள், கூட்டம் வந்தா இப்பிடி இருந்து ஒவ்வொண்டாப் பாத்துச் செய்யேலாது" எண்டு கேட்டவ, அது நியாயம்தானே. யாழ்ப்பாண ரவுணிலை கஸ்தூரியார் வீதியிலை நகைக்கடையளுக்கு நடுவிலை ஒரு ஒடுங்கின கடை, வெளியிலை ஃபோட்டோக்கொப்பி, பாஸ்போட் ஃபோட்டோ எண்டு போட் இருக்கும், உள்ளை மூண்டு கதிரை, ஒரு கொம்பியூட்டர், ஒரு பிறிண்டர், சுவரிலை வெள்ளைத் திரை. அவ்வளவுதான். தேடுற ஆக்கள் கண்டுபிடிப்பீங்கள்.

என்ரை நிலைமை என்னெண்டா, நான் பிறந்தது கொக்குவில், பிரான்ஸுக்குப் போய் 22 வருசம், இப்ப பிரெஞ்சு பாஸ்போட். இரட்டைக் குடியுரிமை எடுக்கேல்லை. அம்மா கொக்குவிலிலை தனிய. ஒரு மாசம் நிண்டுட்டுப் போவம் எண்டுதான் வந்தனான், வந்து பாத்தா அம்மாக்கு வலது கண்ணிலை பார்வை நல்லாக் குறைஞ்சு போச்சு, சாமி அறையிலை விளக்குத் திரியைத் தடவித் தடவிக் கொளுத்திறா, கேட்டா "ஒண்டுமில்லைப் பிள்ளை, வெளிச்சம் காணாது" எண்டு சொல்லுறா. இஞ்சை டொக்டர் பாத்திட்டு ரெட்டினாவிலை பிரச்சினை, சென்னையிலை ஒருக்கா காட்டினா நல்லம் எண்டார். நானும் இஞ்சத்தை விசாவை நீட்டிப்போட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போற அலுவலைத் தொடங்கினன்.

அம்மாக்குச் சிக்கல் இல்லை, இலங்கைப் பாஸ்போட், வவுனியாவிலை எடுத்தது, அவ தன்ரை நாட்டிலை இருந்து விசாக் கேக்கிறா. நான்தான் அந்தரம். நான் என்ரை ஊரிலை என்ரை வீட்டு விறாந்தையிலைதான் இருக்கிறன், ஆனா பாஸ்போட்டின்ரை கணக்கிலை நான் சொந்த நாட்டுக்கு வெளியிலை நிக்கிறன். இஞ்சை இருந்து போடலாமோ, இல்லாட்டி பாரிசுக்குத் திரும்பிப் போய்த்தான் போடவேணுமோ எண்டு ஆரைக் கேட்டாலும் ஒவ்வொரு கதை. மாமா சொன்னார் கொழும்புக்குத்தான் போகவேணும் எண்டு. பக்கத்து வீட்டு அண்ணை சொன்னார் நல்லூர் மருதடி லேனிலை இந்தியத் துணைத் தூதரகம் 2010இலை இருந்து இருக்குதெல்லே, அங்கை போய்க் கேள் எண்டு. பாரிசிலை இருக்கிற சிநேகிதி சொன்னாள் நீ இஞ்சை வந்துதான் போட ஏலும் எண்டு. அம்மான்ரை கண் பொறுக்குமோ அதுக்கு?

உண்மை என்னெண்டு இப்ப எனக்குத் தெரியும், அதை இதிலையே சொல்லிவிடுறன். இந்தியாவின்ரை ஈ-விசா, அதாவது இணையத்திலையே போட்டு எடுக்கிற விசா எண்டா நீங்கள் எந்த நாட்டிலை இருந்து கொம்பியூட்டரைத் தட்டுறீங்கள் எண்டது பிரச்சினை இல்லை, எந்த நாட்டுப் பாஸ்போட் எண்டதுதான் கணக்கு. பாஸ்போட்டிலை ஒட்டுற வழமையான விசா எண்டா வேறை, அந்த ஃபோமிலையே நீங்கள் விண்ணப்பிக்கிற நாட்டிலை ரெண்டு வருசமாவது இருந்தனீங்களோ எண்டு ஒரு கேள்வி இருக்கு, இல்லை எண்டா உங்கடை நாட்டிலை இருக்கிற தங்கடை தூதரகத்தைக் கேட்டுத்தான் தருவினம், அதாலை நாள் கூட எடுக்கும். எங்களைப் போல விடுமுறைக்கு வந்து நிக்கிற ஆக்களுக்கு ஈ-விசாதான் வழி.

இது ஒண்டும் தெரியாமல் முதல்லை நான் ஒரு ஏஜென்சிக்குப் போனனான். அதின்ரை பேரும் வேண்டாம் இடமும் வேண்டாம். ஏசி, கண்ணாடி மேசை, பிளேன்ரீ எல்லாம் தந்தவை. பாஸ்போட்டைக் கொப்பி எடுத்துப்போட்டு "நீங்கள் போங்கோ அக்கா, மூண்டு நாளிலை வந்திடும்" எண்டு அனுப்பிப்போட்டினம். நான் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லேல்லை, அவையும் ஒண்டும் கேக்கேல்லை. மூண்டு நாள் ஒரு கிழமையாச்சு. போய் நிண்டு அழுத்திக் கேட்ட பிறகுதான் காட்டிச்சினம், ஃபோட்டோ சரியில்லை திருப்பிப் போடு எண்டு ஈமெயில் வந்து கிடக்குது, ஆனா வந்தது அவையின்ரை ஈமெயிலுக்கு, ஒருத்தரும் திறந்து பாக்கேல்லை. அதைவிடக் கொடுமை உள்ளை நிரப்பினது. ரூறிஸ்ட் விசா எண்டு போட்டிருக்கு, பிரெஞ்சுக் குடியுரிமை பிறப்பாலை வந்தது எண்டு போட்டிருக்கு, கடைசி மூண்டு வருசத்திலை சார்க் நாடுகளுக்கு (தெற்காசிய நாடுகளின்ரை கூட்டு, இலங்கையும் அதிலை இருக்கு) போனனீங்களோ எண்டதுக்கு இல்லை எண்டு போட்டிருக்கு, நான் யாழ்ப்பாணத்திலை அவையின்ரை மேசைக்கு முன்னாலை இருக்கேக்கை! அந்தக் காசு திரும்பி வராது, விசா கிடைச்சாலும் கிடைக்காட்டியும் கட்டினது கட்டினதுதான். எனக்குக் காசு போனது ஒரு பக்கம், அம்மான்ரை கண்ணிலை ஒரு கிழமை போனதை நினைக்க இப்பவும் நெஞ்சு கொதிக்குது.

அண்டைக்கு வெய்யிலுக்குள்ளாலை கஸ்தூரியார் வீதியாலை நடந்து வரேக்கைதான் பாஸ்போட் ஃபோட்டோ எண்ட போட்டைக் கண்டிட்டு, சரி ஃபோட்டோவாவது எடுப்பம் எண்டு உள்ளட்டனான்.

உள்ளை எனக்கு முன்னாலை ஒரு தம்பி நிண்டவர், டுபாயிலை வேலை, லீவிலை வந்து நிக்கிறார், இஞ்சை நிக்கேக்கையே ஜேர்மனிக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பாவிலை கன நாடுகளுக்குப் பொதுவான விசா) போடவேணுமாம், எவ்வளவு எண்டாலும் தாறன் எண்டு நிக்கிறார். அந்தப் பிள்ளை சொன்னா "அண்ணா உங்களுக்கு டுபாய் வதிவிட விசா இருக்கெல்லே, ஷெங்கன் எண்டா நீங்கள் சட்டப்படி எங்கை இருக்கிறீங்களோ அங்கைதான் போடவேணும், இஞ்சை போடுறதெண்டா ஏன் அங்கை போடேலாது எண்டு நல்ல காரணம் காட்டோணும், லீவுக்கு வந்தனான் எண்டது காணாது, திரும்பிப் போய் டுபாயிலை போடுங்கோ" எண்டு. அஞ்சு சதம் வாங்கேல்லை. ஏஜென்சியிலை இருந்து நேரா வந்த எனக்கு அதைக் கேக்க என்ன மாதிரி இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. ஃபோட்டோவுக்கு வந்தனான் அப்பிடியே கதிரையை இழுத்துப்போட்டு இருந்திட்டன்.

அவ என்னட்டைக் கேட்ட முதல் கேள்வி இந்தியாவைப் பற்றி இல்லை. "அக்கா, போறது சரி, திரும்பி எப்பிடி உள்ளை வருவீங்கள்?" எண்டுதான். எனக்கு அது தலையிலையே இல்லை. என்ரை வீட்டுக்கு வாறதுக்கு என்ன எண்ட நினைப்பு. இலங்கை ஈரிஏயிலை (வெளிநாட்டுப் பாஸ்போட்காரர் இலங்கைக்குள்ளை வர இணையத்திலை எடுக்கிற அனுமதி) 30 நாளுக்குள்ளை ரெண்டு தரம் உள்ளை வரலாம், என்ரை 30 நாள் எப்பவோ முடிஞ்சு நான் நீட்டின விசாவிலை நிக்கிறன், அப்ப சென்னையிலை இருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குத் திரும்பி வர எனக்குப் புதுசா ஈரிஏ வேணும். அம்மா பாஸ்போட்டைக் காட்டிப்போட்டு நடந்து போயிடுவா, நான் கவுண்டரிலை நிப்பன். இதை முதல்லையே சொன்ன ஆள் அந்தப் பிள்ளை ஒராள்தான். வெளிநாட்டுப் பாஸ்போட்டோடை இஞ்சை வந்து நிண்டுகொண்டு இன்னொரு நாட்டுக்குப் போய்வர நினைக்கிற எல்லாரும் தயவுசெய்து இதை முதல் பாருங்கோ.

பிறகு ரூறிஸ்ட் விசாவே பிழை எண்டா. அம்மா வைத்தியத்துக்குப் போறா, அவவுக்கு ஈ-மெடிக்கல், கூடப்போற எனக்கு ஈ-மெடிக்கல் அற்றெண்டன்ற், ஒரு நோயாளியோடை ரெண்டு பேர் வரைக்கும் அப்பிடிப் போகலாம். அறுபது நாள், அதுக்குள்ளை மூண்டு தரம் போய்வரலாம். செக்கப்புக்குத் திரும்பவும் வரச்சொன்னா வசதி. அம்மான்ரை ஃபோமை முதல் அனுப்பி அதின்ரை விபரத்தை வைச்சுத்தான் என்ரையை நிரப்பினவ. அதுக்குச் சென்னை ஆஸ்பத்திரியின்ரை லெற்றர்ஹெட்டிலை கடிதம் வேணும், அது ஈமெயிலிலை வந்திருந்தது, நான் பெருமையா நீட்டினன். அவ அம்மான்ரை பாஸ்போட்டைப் பக்கத்திலை வைச்சு எழுத்தெழுத்தா விரலாலை தட்டிப் பாத்தா. பாஸ்போட்டிலை அம்மான்ரை பேரிலை 'எல்' ரெண்டு, கடிதத்திலை ஒண்டு. "இதைத் திருத்தி எடுங்கோ அக்கா, நாளைக்கே தருவினம், பிறகு அங்கை போய் நிண்டு சொல்லிக்கொண்டு இருக்கிறதிலும் பாக்க இது சுகம்." அடுத்த நாள் திருத்தின கடிதம் வந்தது.

என்ரை பேர் அதைவிடப் பெரிய கதை. பிரெஞ்சுப் பாஸ்போட்டிலை பொம்பிளையளுக்குப் பிறந்த பேர்தான் பேர், புருசன்ரை பேரைப் பக்கத்திலை போடுவினம். நான் எல்லா இடத்திலையும் புருசன்ரை பேரைத்தான் எழுதுறனான். அந்தப் பிள்ளை பாஸ்போட்டின்ரை ஃபோட்டோப் பக்கத்திலை அடியிலை அம்புக்குறி அம்புக்குறியா ரெண்டு வரி இருக்கெல்லே, மெசின் வாசிக்கிறது, அதைக் காட்டி "இதிலை என்ன இருக்கோ அதுதான் உங்கடை பேர்" எண்டா. அதிலை புருசன்ரை பேர் இல்லை, அப்பான்ரை பேர் மட்டும்தான். அப்ப இன்னொண்டு வந்தது. எங்கடை வழக்கத்திலை என்ரை பேருக்குப் பக்கத்திலை அப்பான்ரை பேர், அம்மான்ரை பாஸ்போட்டிலை வேறை ஒழுங்கு, ரெண்டு பாஸ்போட்டையும் ஒண்டா வைச்சுப் பாத்தா தாயும் மகளும் எண்டு ஒரு எழுத்தும் சொல்லாது. ரெண்டு நாடு, ரெண்டு பேர், ரெண்டு நிற அட்டை. ஃபோம் கேக்காட்டியும் என்ரை பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின்ரை இங்கிலிஸ் மொழிபெயர்ப்பு ஒண்டைக் கையிலை வைச்சிருங்கோ எண்டு சொல்லி அதையும் ரெண்டு கொப்பி அடிச்சுத் தந்தவ.

ஃபோமிலை இருக்கிற கேள்வியளைப் பற்றி நான் கொஞ்சம் கூடச் சொல்லத்தான் போறன், ஏனெண்டா எங்களைப் போல ஆக்கள் பிழைவிடுறது இதிலைதான். அவ தானா ஒண்டும் நிரப்பேல்லை. ஒவ்வொரு கேள்வியா வாசிச்சு, தமிழிலை சொல்லி, நான் சொன்ன பதிலைத்தான் அடிச்சா. குடியுரிமை பிறப்பாலையோ பிறகு எடுத்ததோ? பிறகு எடுத்தது. அப்ப முந்தின குடியுரிமை? சிறீலங்கா. சார்க் நாடுகளுக்குப் போனனீங்களோ, உங்கடை சொந்த நாட்டைத் தவிர? நான் இல்லை எண்டன். "அக்கா, உங்கடை சொந்த நாடு எண்டு இதிலை பிரான்ஸ்தான் இருக்கு. அப்ப இலங்கை நீங்கள் போய்வந்த நாடு." நான் ஒரு நிமிசம் ஒண்டும் கதைக்கேல்லை. வெளியிலை ஓட்டோச் சத்தம், எங்கடை ஊர்ச் சத்தம், அதுக்குள்ளை இருந்துகொண்டு கொக்குவிலுக்கு வந்த வரவையெல்லாம் பாஸ்போட் முத்திரையைப் பாத்து எண்ணினன், எந்த வருசம் எத்தினை தரம் எண்டு. ஒண்டு அப்பா செத்ததுக்கு வந்தது. அவ அவசரப்படுத்தேல்லை, ஃபானை என்ரை பக்கம் திருப்பிவிட்டிட்டுப் பேசாமல் இருந்தா.

அதே மாதிரித்தான் சொந்த நாட்டிலை தெரிஞ்ச ஆள் ஒராளின்ரை பேர், விலாசம், போன் கேக்கிற இடத்திலை நான் மாமான்ரை பேரைச் சொல்ல வெளிக்கிட்டன். அது பிரான்ஸிலை இருக்கிற ஆளாத்தான் இருக்கவேணும், சிநேகிதியின்ரை பேரைக் குடுத்தன். அம்மான்ரை ஃபோமுக்குத்தான் மாமா. இந்தியாவிலை தெரிஞ்ச ஆள் எண்ட இடத்திலை ரெண்டு பேருக்கும் ஆஸ்பத்திரியைப் போட்டம். தாய் தகப்பன் பிறந்த இடம், அவையின்ரை நாடு, தாய் தகப்பனோ அவையின்ரை தாய் தகப்பனோ பாகிஸ்தான் ஆக்களோ, ஆமி பொலிஸிலை இருந்தனீங்களோ எண்டெல்லாம் கேள்வி வரும், அதுகள் கெதியா முடிஞ்சிடும். விலாசம் எண்ட இடத்திலை நான் இப்ப படுக்கிற கொக்குவில் வீட்டைப் போடாமல் பாரிஸ் விலாசத்தைத்தான் போட்டது, நான் அங்கைதானே குடியிருக்கிறன்.

ஈமெயில் எண்ட இடம் வரேக்கை அவ கையை எடுத்திட்டு "உங்கடை ஈமெயிலை நீங்களே அடியுங்கோ அக்கா, நான் என்ரையைப் போட மாட்டன், ஏதும் வந்தா உங்களுக்குத்தான் வரவேணும்" எண்டா. ஏஜென்சியிலை பட்டதுக்கு அந்த ஒரு வசனம் மருந்து.

ஃபோட்டோவுக்கு வருவம். சதுரமா இருக்கவேணும், வெள்ளைப் பின்னணி, கண்ணாடி போடக்கூடாது, கண் திறந்திருக்கவேணும். அம்மாவை அடுத்த நாள் கூட்டிக்கொண்டு போனன். அம்மான்ரை தலை முழு வெள்ளை, பின்னாலை திரையும் வெள்ளை, எடுத்தா முகம் மட்டும் மிதக்குது. லைற்றைப் பக்கவாட்டா வைச்சு, கரும்பச்சைச் சால்வையைத் தோளிலை போட்டு, திருப்பித் திருப்பி எடுத்தா. அம்மாக்கு லைற் கண்ணிலை பட்டாக் கூசும், மூடிப்போடுவா. "அம்மம்மா நான் மூண்டு எண்ணுறன், அதுவரைக்கும் மூடி இருங்கோ, மூண்டு எண்டதும் திறவுங்கோ" எண்டு சொல்லிச் சொல்லி எடுத்தவ, ஒம்பதாவது படம்தான் சரிவந்தது. பொட்டு எடுக்கச் சொல்லேல்லை, அம்மாக்கு அது பெரிய ஆறுதல். பாஸ்போட் பக்கத்தைப் பீடிஎஃப்பா 300 கேபிக்குள்ளை போடவேணும், கூடச் சுருக்கினா இலக்கம் மங்கிடும், அதையும் பெருசாக்கிக் காட்டி "வாசியுங்கோ" எண்டு என்னை வாசிக்க வைச்சுத்தான் ஏத்தினவ.

காசு கட்டுறதிலை நான் மாட்டினன். பிரான்ஸ் வங்கி அட்டை, கட்டேக்கை வங்கி ஒரு கோட் அனுப்பும், அது பிரான்ஸ் நம்பருக்குத்தான் வரும், நானோ வந்த அண்டைக்கே சிம்மைக் கழட்டிக் கொக்குவிலிலை பெட்டிக்குள்ளை வைச்சிட்டு உள்ளூர் சிம் போட்டிட்டன். ஃபோமைச் சேவ் பண்ணி, அந்தத் தற்காலிக இலக்கத்தை ஒரு துண்டிலை எழுதித் தந்து, நாளைக்கு வாங்கோ எண்டா. தன்ரை அட்டையாலை கட்டிப்போட்டுக் கூட வாங்கியிருக்கலாம், செய்யேல்லை. வெளிநாட்டிலை இருந்து வந்து நிக்கிற ஆக்கள் அந்தச் சிம்மைத் துலைச்சுப் போடாதேங்கோ. சைற்றும் கவனம், இந்திய அரசாங்கத்தின்ரை சைற் இந்தியன்விசாஒன்லைன் டொட் கவ் டொட் இன் எண்டு முடியும், இலங்கை ஈரிஏக்கு ஈரிஏ டொட் கவ் டொட் எல்கே, அந்த 'கவ்' இல்லாமல் அச்சு அசல் அதே மாதிரித் தோற்றத்திலை கனக்க சைற் கிடக்குது, அதுகளிலை கட்டினா ரெண்டு மடங்கு மூண்டு மடங்கு போகும்.

கடைசியிலை ஒரு தரம் முழு ஃபோமையும் பேப்பரிலை பிறிண்ட் எடுத்துத் தந்து, பேனையும் தந்து, ஒவ்வொரு வரியாப் பாத்துச் சரி போடுங்கோ எண்டு சொல்லி, நான் சரி போட்ட பிறகுதான் அனுப்பினவ. அதிலை ஒரு பிழை நானே பிடிச்சன், பாஸ்போட் முடியிற மாசம்.

குறை இல்லை எண்டு சொல்லேல்லை. ரோக்கன் கீக்கன் இல்லை, ஆர் முன்னுக்கு வந்தது எண்டு ஆக்கள் தங்களுக்குள்ளை கதைச்சு முடிவெடுக்கவேணும், ரெண்டு தரம் எங்களுக்கு நடுவிலை ஒருத்தர் பூந்து ஃபோட்டோக்கொப்பி அடிச்சுக்கொண்டு போனவர், அவவும் இல்லை எண்டு சொல்லுறா இல்லை. காசாத்தான் குடுக்கவேணும். மத்தியானம் ஒண்டிலை இருந்து ரெண்டரை வரைக்கும் பூட்டு, வெளியிலை அறிவித்தல் ஒண்டும் இல்லை, நான் அம்மாவோடை ஒரு நாள் வெய்யிலுக்குள்ளை நிண்டனான். வயசான ஆக்கள் இருக்க அந்தக் கதிரை சரிவராது, முதுகு நோகும். நேரமும் எடுக்கும், எங்கடை ரெண்டு ஃபோமுக்கும் மூண்டு நாள் போய்வந்தம். அவசரக்காரருக்கு எரிச்சலா இருக்கலாம். ரெண்டு ஃபோம், ஃபோட்டோ, ஸ்கான், பிறிண்ட் எல்லாம் சேத்து 3,500 ரூபா எடுத்தவ, இந்தியாவுக்குக் கட்டின விசாக் காசு வேறை. ஏஜென்சிக்குக் குடுத்ததிலை கால்வாசியும் வராது. அஞ்சுக்கு நாலரை போடுறன், அரை அந்தக் கதிரைக்கு.

அம்மான்ரை அனுமதி மூண்டாம் நாள் வந்தது, என்ரை அதுக்கு அடுத்த நாள், ரெண்டும் என்ரை ஈமெயிலுக்கு. பலாலியிலை இருந்து சென்னைக்கு இண்டிகோ 2024 செப்ரெம்பரிலை ஓடத் தொடங்கினதுக்கு நான் எத்தினை தரம் நன்றி சொன்னனோ தெரியாது, கண் தெரியாத அம்மாவை இரவிரவாக் கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் பஸ்ஸிலை கொண்டு போறதை நினைச்சும் பாக்கேலாது. சென்னையிலை ஈ-விசாக் கவுண்டரிலை கைரேகை எடுக்கினம். அம்மான்ரை விரல் ரேகை தேஞ்சு போச்சு, புகையிலைத் தோட்டத்திலை வேலை செய்த கை, மெசின் எடுக்கமாட்டன் எண்டு நிண்டது, அந்த அதிகாரி பொறுமையா நாலைஞ்சு தரம் அழுத்தி எடுத்தார். பிறகு என்ரை பாஸ்போட்டையும் அம்மான்ரையையும் மாறி மாறிப் பாத்திட்டு "ரெண்டு பேரும் என்ன உறவு?" எண்டு தமிழிலை கேட்டார். நான் பிறப்பத்தாட்சியை எடுத்து நீட்டினன், அவர் பாத்திட்டுத் தலையாட்டினார். அவ சொல்லித் தந்தது.

அம்மாக்கு ஊசி ஒண்டு போட்டாச்சு, திரும்பிப் பலாலிக்கு வந்து ஈரிஏயைக் காட்டி நானும் உள்ளட்டாச்சு. அடுத்த ஊசிக்கு இந்த மாசக் கடைசியிலை போகவேணும், அதே விசாவிலை போகலாம், ஆனா எனக்கு ஈரிஏ காட்டின திகதிக்குள்ளை திரும்பி வரவேணும், அந்தக் கணக்கைப் பாக்க நாளைக்குக் காலமை கஸ்தூரியார் வீதிக்குப் போறன். அம்மா பனங்காய்ப் பணியாரம் சுட்டு வைச்சிருக்கிறா அந்தப் பிள்ளைக்கு, ஒரு மணிக்கு முன்னம் போகவேணும்.